பேசாத பிள்ளைக்கும் பாடசாலை உண்டு



சத்தியவேட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலிருந்தும் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் நம்முடைய சபைகளில் உண்டு. ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் மாநிலம் மாறும். வீட்டுப் பேச்சு மாறுவதில்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திராவோடு சேர்க்கப்பட்ட பகுதி அது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில், பிள்ளை மூன்று வயதாகியும் பேசாவிட்டால், "தமிழும் தெலுங்கும் சேர்ந்து குழப்பிவிட்டது, போகப்போகச் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, முகத்தை நோக்குவதில்லை, பொம்மைக் காரின் ஒரு சக்கரத்தையே மணிக்கணக்காய்ச் சுழற்றுகிறான், ஆராதனையில் ட்ரம்ஸ் ஒலிக்கத் தொடங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். உடனே யாராவது ஒருவர் "அசுத்த ஆவி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

தேவபிள்ளைகளே, அது ஆவி அல்ல. அதற்கு ஆட்டிசம் என்று பெயர். மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைக்குறித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகளாகத் தாயின் அன்புக் குறைவே காரணம் என்று மருத்துவ உலகமே குற்றஞ்சாட்டிவந்தது. அந்தக் கருத்து பொய்யென்று தள்ளப்பட்டுவிட்டது. மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு இது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டதையும், கர்த்தர் அவனையும் அவன் பெற்றோரையும் அந்தக் குற்றச்சாட்டினின்று விடுவித்ததையும் யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் நாம் வாசித்திருக்கிறோம். வாசித்த பிறகும் ஒரு தாயிடம் அதே கேள்வியைக் கேட்கிறோம். ஆட்டிசமுள்ள அநேகருடைய செவிக்கு நம்முடைய ஒலிபெருக்கி தாங்கமுடியாத வேதனையாகும். (நாற்பது பேர் கூடும் அறைக்கு நான்கு ஒலிபெருக்கிகள் எதற்கென்று நானும் எண்ணியதுண்டு.)

இப்பிள்ளைகளுக்கென்று நடைபெறும் சிறிய பாடசாலைகள் எவ்விதமாய்க் கற்பிக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிவது அவசியம். அங்கே ஒரு வகுப்பில் ஐந்தாறு பேருக்குமேல் இருப்பது அரிது. சுவரில் அலங்காரம் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றன்று நடக்கப்போவதைக் காட்டும் படவரிசை உண்டு: பை வைக்கும் இடம், வேலை மேஜை, டிபன், ஊஞ்சல், வீடு. முடிந்ததை அவனே கழற்றி வைப்பான். அடுத்து என்ன வரும் என்று தெரியாத கலக்கமே பல கூச்சல்களுக்குக் காரணமாயிருப்பதால், இந்தப் படவரிசை பாதி பயத்தைப் போக்கிவிடுகிறது. மேஜையில் வேலைகள் இடப்பக்கத்துத் தட்டில் இருக்கும். முடித்தவை வலப்பக்கத்துக் கூடையில் விழும். எவ்வளவு மீதியுண்டு என்பதை அவன் கண்ணாலேயே அறிகிறான். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்ளர் என்பவர் தொடங்கி, 1972 முதல் அந்த மாநிலமெங்கும் நடந்துவரும் முறையிலிருந்து வந்த வழக்கம் இது.

சட்டைப் பொத்தான் போடுவதைக் கற்பிப்பதைப் பாருங்கள். ஆசிரியை பொத்தானைத் துளையில் முக்கால்வாசி நுழைத்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுகிறார். அது வந்தபின் அதற்கு முந்தின படி. பின்பு அதற்கும் முந்தினது. முடிவிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பதால், ஒவ்வொரு தடவையும் "முடித்தேன்" என்ற மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கிறது. இந்த ஒரு பொத்தானுக்கு மாதங்கள் செல்லலாம். மாற்கு ஏழாம் அதிகாரத்தில், கொன்னைவாயுடைய செவிடனை ஆண்டவர் கூட்டத்தை விட்டுத் தனியே கொண்டுபோனார். செவியையும் நாவையும் தொட்டார். கேளாதவனுக்குப் புரியும் விதமாய்த் தொடுகையினாலேயே பேசினார் என்று நான் எண்ணுகிறேன்.

பேச்சு வராதவனுக்குப் பட அட்டை கொடுத்தால் அவன் பேசவே மாட்டான் என்று அஞ்சுகிற பெற்றோர் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. அட்டையின் உதவியால் பேச்சு வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கிய முறையில், பிள்ளை பிஸ்கட் படத்தை எடுத்து எதிரே இருப்பவர் கையில் கொடுத்தால் பிஸ்கட் கிடைக்கும். "என்ன வேண்டும்?" என்று முதலில் கேட்பதில்லை, பின்னாலிருந்து இன்னொருவர் பேசாமல் கையை மட்டும் நடத்துவார். கேட்கத் தொடங்குகிறவன் பிள்ளையாகவே இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். நாவு கட்டப்பட்டிருந்த சகரியா எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கித்தான் மகனுடைய பெயரைத் தெரிவித்தார். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை. இன்று சென்னையில் உருவான 'ஆவாஸ்' என்ற செயலி, படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசும்.

பாஷையைக் குறித்தும் ஒரு வார்த்தை. ஒரே மொழியில் மட்டும் பேசுங்கள் என்ற ஆலோசனையால், தாய் தனக்குச் சரளமில்லாத ஆங்கிலத்திலே பிள்ளையிடம் பேசிக்கொண்டிருக்கும் பரிதாபம் நகரத்து வீடுகளில் உண்டு. இரு மொழிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. இரு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் இல்லையென்று 2012இல் கனடாவில் வெளியான ஆய்வு காட்டியது. தாலாட்டு வரும் மொழியிலேயே பேசுங்கள், தாய்மார்களே.

எங்கே போவது? டெல்லியில் மெரி பரூவா 1991இல் தொடங்கிய 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' இத்துறையில் முன்னோடி. சென்னையில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், 2001இல் தொடங்கிய வி-எக்செல், முட்டுக்காட்டிலுள்ள மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஆகியவை உண்டு. ஆந்திராவில் மண்டல அளவில் 'பவிதா' மையங்கள் இயங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமையுண்டு. மாநில உதவித்தொகை முகவரியைச் சார்ந்திருப்பதால், ஊரில் ரேஷன் கார்டும் நகரத்தில் வாடகை வீடுமாய் இருப்பவர்கள் எந்த முகவரியில் விண்ணப்பிப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். பள்ளியில் சேர்க்குமுன், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் ஆசிரியர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்றாலும், மூன்றே மாதத்தில் குணமாக்குகிறோம் என்றாலும் திரும்பிவிடுங்கள்.

ஜெபிக்கிறோம், ஆகையால் வகுப்பை நிறுத்திவிட்டோம் என்று சாட்சி சொல்லுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நிறுத்திய அந்த வருஷங்கள் பிள்ளையினுடையவை. சுகம் தருகிற தேவனை நானும் விசுவாசிக்கிறேன். உபவாசத்தோடு கூடவே பள்ளிக்கு அனுப்புங்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு: வாசலருகே ஒரு நாற்காலி, ஒலிபெருக்கிக்குத் தூரமாய். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று. பாட்டு, கதை, ஜெபம், பிஸ்கட், வீடு என்று ஐந்து படங்களை ஓர் அட்டையில் ஒட்டி அவன் கையில் கொடுங்கள், வரிசையை மாற்றாதிருங்கள்.