5.1 ஸ்பீக்கர் செட்: வாங்கினால் மட்டும் போதுமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர் கூடவே ஒரு 5.1 ஸ்பீக்கர் செட்டையும் வாங்கி விடுகிறார்கள். கடைக்காரர் பச்சை நிற ஜாக்கில் ஒரு கேபிளைச் செருகிப் பாட்டைப் போட்டுக் காட்டுவார். எல்லாப் பெட்டிகளும் அதிரும். நமக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் வீட்டில் படம் பார்க்கும்போதுதான் தொல்லை தொடங்கும். சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிரும். வசனம் மட்டும் காதில் விழாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வால்யூமைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே படம் முடிந்துவிடும்.

இதற்குப் பெரும்பாலும் ஸ்பீக்கர் காரணமல்ல. அதை அமைத்த விதம்தான் காரணம். ஓர் இன்ச் டேப்பும் ஒரு மணி நேரமும் இருந்தால் நீங்களே சரி செய்துவிடலாம்.

5.1 என்றால் என்ன?

முன்னால் இடது, வலது, நடு. பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் இடது, வலது. ஆக ஐந்து ஸ்பீக்கர்கள். புள்ளிக்குப் பின் உள்ள 1, தாழ்ந்த ஒலிகளை மட்டும் தரும் சப்-ஊபரைக் குறிக்கிறது. தியேட்டர்களில் 1992இல் டால்பி டிஜிட்டலும் 1993இல் டிடிஎஸ்ஸும் இந்த முறையைப் பரப்பின. படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்கே அனுப்பப்படுகிறது. நடு ஸ்பீக்கர் சரியில்லை என்றால் வசனமும் சரியாக இராது.

கேபிள்களை இணைத்தல்

முதலில் ஸ்பீக்கரின் மின் இணைப்பை அணைத்துவிடுங்கள். 5.1 ஒலிக்கு ஒரு கேபிள் போதாது, மூன்று வேண்டும். கம்ப்யூட்டரின் பின்புறம் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்-ஊபருக்கும். மூன்றே ஜாக்குகள் உள்ள மதர்போர்டுகள் பலவற்றில் நீலம் பின் ஸ்பீக்கர்களுக்கும், இளஞ்சிவப்பு நடு ஸ்பீக்கர் மற்றும் சப்-ஊபருக்கும் மாறிக்கொள்ளும். பச்சையில் மட்டும் செருகியிருந்தால் இரண்டு சேனல் ஒலியே எல்லாப் பெட்டிகளிலும் பிரிந்து கேட்கும். அது சரவுண்ட் அல்ல.

ஸ்பீக்கர் ஒயர்களில் சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு முனை கறுப்பிலும் சேர வேண்டும். ஒன்றில் மட்டும் மாறிப்போனால் பேஸ் குறைந்து, ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும்.

லேப்டாப்பில் ஒரே ஒரு ஜாக்தான் உள்ளதா? 5.1 வசதியுள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை இணைக்கலாம். ஏவி ரிசீவர் வைத்திருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் மூலம் இணைப்பது எளிது.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்ற வரிசையில் சென்று, கீழே உள்ள மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்பதில் கிளிக் செய்யுங்கள். கிடைக்கும் விண்டோவில் பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, கான்பிகர் பட்டனை அழுத்துங்கள். 5.1 சரவுண்ட் என்பதைத் தேர்வு செய்து டெஸ்ட் அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலி வரும். படத்தில் ஒளிரும் ஸ்பீக்கரும் அறையில் ஒலிக்கும் ஸ்பீக்கரும் ஒன்றுதானா என்று பாருங்கள். மாறியிருந்தால் கேபிளை மாற்றிச் செருகுங்கள்.

அடுத்து வரும் விண்டோவில் புல் ரேஞ்ச் ஸ்பீக்கர் எவை என்று கேட்கும். உங்கள் ஸ்பீக்கர்கள் கையகலப் பெட்டிகள் என்றால் அங்குள்ள டிக் குறிகளை எடுத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலிகள் சப்-ஊபருக்குச் செல்ல இது உதவும்.

எங்கே வைப்பது?

எல்லா ஸ்பீக்கர்களையும் டிவிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து முன் ஸ்பீக்கர் 7 அடி தூரம் என்றால், இரண்டு முன் ஸ்பீக்கர்களுக்கும் இடையிலும் 7 அடி இருக்கட்டும். சம பக்க முக்கோணம் கிடைக்கும். நடு ஸ்பீக்கர் திரைக்கு நேர் கீழோ மேலோ, உங்கள் முகத்தை நோக்கிச் சற்றுச் சாய்ந்து இருக்க வேண்டும். டிவி ஸ்டாண்டின் உள்ளே தள்ளி வைத்தால் குரல் அடைபட்டதுபோல் கேட்கும். பின் ஸ்பீக்கர்கள் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றுப் பின்தள்ளி, காதைவிட ஓரடி இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். சோபா சுவரை ஒட்டி இருந்தால் அவற்றைப் பக்கச் சுவர்களில் மாட்டுங்கள்.

தூரம் ஏன் முக்கியம்? ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் செல்கிறது. அதாவது ஓரடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். ஒரு ஸ்பீக்கர் மட்டும் அருகில் இருந்தால் அதன் ஒலி முந்திக்கொண்டு வந்து, கவனத்தைத் தன் பக்கம் இழுத்துவிடும். ஏவி ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து கொடுத்தால் அதுவே தாமதத்தைச் சரி செய்துகொள்ளும். சாதாரண கம்ப்யூட்டர் செட்டில், முடிந்தவரை சம தூரத்தில் வைப்பதுதான் வழி.

சப்-ஊபரின் இடம் காண ஒரு தந்திரம் உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பேஸ் இரைச்சலில்லாமல் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்-ஊபரை வையுங்கள்.

அளவைச் சரி செய்தல்

அதே பிளேபேக் டேபில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸ், லெவல்ஸ், பேலன்ஸ் என்று செல்லுங்கள். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு ஸ்லைடர் கிடைக்கும். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே அளவில் கேட்கும்படி அமையுங்கள். பிறகு வசனம் அதிகமுள்ள காட்சியைப் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு வசனம் புரியவில்லை என்றால் மொத்த வால்யூமைக் கூட்டாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் சற்றுக் கூட்டுங்கள். ரிசீவரில் கிராஸ்ஓவர் கேட்டால் 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். மிகச் சிறிய ஸ்பீக்கர்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் எதிரொலியால் வசனம் குழம்பும். தரையில் ஒரு கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. இவையே நல்ல பலன் தரும்.

இன்னும் சரியாகவில்லையா?

வசனமே கேட்காமல் இசை மட்டும் கேட்கிறதா? இரண்டு ஸ்பீக்கர்களை மட்டும் இணைத்துவிட்டு விண்டோஸில் 5.1 தேர்வு செய்திருப்பீர்கள். ஸ்டீரியோ என்று மாற்றினால் வசனம் திரும்பி வரும்.

பின் ஸ்பீக்கர்கள் மௌனமாக இருக்கின்றனவா? படமே ஸ்டீரியோவாக இருக்கலாம். விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் பாருங்கள். சேனல்ஸ் என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று இருந்தால் அதில் இரண்டு சேனல்தான் உள்ளது. பழைய பாடல்களும் பிரவுசரில் பார்க்கும் பல வீடியோக்களும் இப்படித்தான். அது உங்கள் ஸ்பீக்கரின் குறையல்ல.

இதையெல்லாம் செய்து பார்க்காமல் இன்னும் விலை கூடிய செட் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். தவறாக வைத்தால் அதுவும் இப்படித்தான் ஒலிக்கும்.