கடையில் கணக்குப் புலி, பரீட்சையில் "முட்டை"!

பூ விற்கும் பிள்ளைகளுக்குப் பாடக் கணக்கு ஏன் வரவில்லை?

பூந்தமல்லி கடைத்தெருவில் சாயங்கால நேரம் யாரும் பார்க்கக்கூடிய காட்சி இது. பூக்கூடைக்குப் பின்னால் அம்மாவுக்கு ஒத்தாசையாக ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். ஒரு முழம் 30 ரூபாய். "ரெண்டரை முழம் குடு தம்பி" என்று 200 ரூபாய் நோட்டை நீட்டுவார்கள்.

"எழுபத்தஞ்சு ரூபாக்கா" என்பான். கையில் 25 ரூபாயை வைத்து "நூறு", இன்னொரு நூறு ரூபாய்த் தாளை வைத்து "இருநூறு" என்று எண்ணிக் கொடுப்பான். பேப்பரும் இல்லை, பென்சிலும் இல்லை. (யார் கை முழம் என்பது வேறு விவகாரம்!)

மறுநாள் பள்ளிக்கூடம். கரும்பலகையில் 200, அதன் கீழே 75. "கடன் வாங்கிக் கழி" என்கிறார் வாத்தியார். பக்கத்தில் இருப்பதோ பூஜ்யம். அதனிடம் எப்படிக் கடன் கேட்பது? பையன் திருதிருவென்று விழிக்கிறான். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துப் போட்டு விடுகிறான். 5-ல் 0 போனால் 5, 7-ல் 0 போனால் 7, முன்னால் 2. விடை 275!

இப்படிக் கடை நடத்தினால் பூவையும் கொடுத்து, 200 ரூபாய்க்கு 275 ரூபாய் பாக்கியும் கொடுக்க வேண்டியதுதான். கடையில் அவன் ஒரு நாளும் அப்படிக் கொடுத்ததில்லை. ஆனால் நோட்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. "மக்கு" என்ற பட்டம்.

1,436 பிள்ளைகள்

இது பூந்தமல்லி சங்கதி மட்டும் அல்ல. நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்ளோவும் மற்றவர்களோடு சேர்ந்து கொல்கத்தா, டெல்லி மார்க்கெட்டுகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளிடம் சோதனை நடத்தினார்கள். முடிவு 2025-ம் ஆண்டு "நேச்சர்" பத்திரிகையில் வந்தது.

வாடிக்கையாளர் போல் போய், வேண்டுமென்றே ஏறுமாறான எடையில் காய்கறி கேட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1 கிலோ 400 கிராம் என்கிற மாதிரி. (விடை 37 ரூபாய்.) ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொன்னார்கள். அதைவிடச் சுலபமான கணக்கை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது தடுமாறினார்கள்.

வியாபாரம் செய்யாமல் பள்ளிக்கூடம் மட்டும் போகும் 471 பிள்ளைகளையும் சோதித்தார்கள். அங்கே நேர் எதிர்! நோட்டுக் கணக்கு அவர்களுக்கு நன்றாக வந்தது. மார்க்கெட் கணக்கில் கோட்டை விட்டார்கள். ஆக, அந்தக் கரைப் பிள்ளைக்கும் இந்தக் கரைப் பிள்ளைக்கும் நடுவே பாலம் இல்லை.

அரும்பு, மொட்டு, மலர்

பாலம் கட்டும் முயற்சி நடக்காமல் இல்லை. ஆவடி, பூந்தமல்லி அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான் 2022 ஜூன் 13-ந் தேதி "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வந்த திட்டம் இது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை, அடுத்த ஆண்டில் 4, 5-ம் வகுப்புகளுக்கும். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பயிற்சிப் புத்தகம். ஆட்டம், பாட்டு, கையால் தொட்டு எண்ணும் பொருட்கள் எல்லாம் உண்டு.

நல்லதுதான். ஆனால் ஆப்பிள் படத்தை எடுத்துவிட்டு மாம்பழப் படம் போட்டால் மட்டும் கணக்கு நம் ஊர்க் கணக்கு ஆகி விடாது. பையன் 75-ல் இருந்து 100-க்கு ஏறி, 100-ல் இருந்து 200-க்கு ஏறினானே, அந்த வழியைக் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும். "நீ செய்ததும் கழித்தல்தான்" என்று சொல்லி, அதன் பக்கத்தில் கடன் வாங்கும் முறையை வைக்க வேண்டும். பல இடங்களில் நடக்காதது இதுதான்.

ராயபுரத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே.சீனிவாசன், வாசல் கோலத்தையே பாடமாக்கியவர். 1993-ல் ராயபுரத்தில் தொடங்கிய ராமானுஜன் கணித அருங்காட்சியகம் அவர் முயற்சிதான். 7 புள்ளியில் ஆரம்பித்து 4-ல் முடியும் இடைப்புள்ளிக் கோலத்துக்கு மொத்தம் எத்தனை புள்ளி? 37. அக்காவைக் கேட்டால் போட்டுக்காட்டி விடுவார். எண்ணாமல் சொல்ல வழி தேடினால், அது மேல் வகுப்புக் கணக்கு.

நூல் கணக்கு

அம்பத்தூர் பக்கம் வந்தால் பின்னத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்குள்ள தொழிற்பேட்டை ஓடத் தொடங்கியது 1960-களில். அளவு மில்லிமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும், தச்சுப் பட்டறையிலும் இரும்புக் கடையிலும் "நூல்" போகவில்லை. ஒரு இஞ்சுக்கு 8 நூல். 3 நூல் தகட்டோடு கால் இஞ்ச் தகட்டைச் சேர்த்தால் கனம் எவ்வளவு? கால் இஞ்ச் என்றால் 2 நூல், ஆக 5 நூல். பட்டறைப் பையன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் எட்டில் மூன்று கூட்டல் நான்கில் ஒன்று. மேலே உள்ளதை மேலோடும், கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி "பன்னிரண்டில் நாலு" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். அதாவது மூன்றில் ஒன்று. இரண்டு தகட்டை ஒட்டிய பிறகு, முதல் தகட்டைவிட மெலிந்து போய்விட்டது! அப்பா பட்டறையில் வேலை பார்க்கும் பிள்ளையிடம் இதை இஞ்சிலும் நூலிலும் கேட்டுப் பார்த்தால் தப்பு அவனுக்கே தெரியும்.

பாட்டன் காலத்துத் திண்ணைப் பள்ளியில் இது தலைகீழாக இருந்தது. எண்சுவடியில் முந்திரி, காணி, மா, மாகாணி என்று பின்னத்தை மனப்பாடம் செய்தார்கள். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அதே கணக்கு. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாய்க்கு 16 அணா இருந்தபோது அதுதான் ஒரு அணா. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயாபைசா வந்ததும் மாகாணி வாய்ப்பாடு மூட்டை கட்டிக்கொண்டது. பிரம்படியோடு வந்த அந்தப் படிப்பு திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாத்தியார் சொன்ன எண்ணும் களத்துமேட்டில் அளந்த எண்ணும் அன்றைக்கு ஒன்றாக இருந்தன.

இன்றைக்குப் பிள்ளைகள் வீட்டில் மளிகைச் சீட்டு, மின்சார பில், பஸ் டிக்கெட், ஆவின் பால் அட்டை எல்லாம் கிடக்கின்றன. அரை லிட்டர் பாக்கெட் தினம் இரண்டு வாங்கினால் முப்பது நாளைக்கு எவ்வளவு என்று அம்மா வாய்க்கணக்காகவே சொல்லி விடுகிறார். அந்தச் சீட்டுகளை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லப் புதிய புத்தகம் எதுவும் அச்சடிக்க வேண்டியதில்லை.