கூண்டுக்குள் ஓர் அமானிதம்



2023ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்திறங்கிய பயணி ஒருவரின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்தனர். அதனுள்ளே 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் உயிரோடு இருந்தன. துளையிட்ட சிறு டப்பாக்களில் அடைக்கப்பட்டு, கடல் கடந்து அவை கொண்டு வரப்பட்டிருந்தன. செய்தியை வாசித்த பலருக்கும் வியப்பும் அருவருப்புமே மிஞ்சியிருக்கும். நீளவும் நெளியவும் இடமின்றி, குளிரா வெப்பமா என்று தெரிந்தெடுக்கவும் வழியின்றி வந்த அவ்வுயிர்களின் நிலையை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

வாங்குவோர் இருப்பதால்தான் கடத்துவோரும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாம்பு வளர்ப்பது நெடுநாளைய பழக்கம். இன்று கைபேசியில் காணும் காட்சிகளால் நம் பெருநகரத்து இளைஞர்களையும் அந்த ஆசை பற்றிக்கொண்டுள்ளது. படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அந்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் சிலரின் வீட்டிலும் அது நுழையலாம். ஆதலால், பாம்பென்றதும் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாமல், சற்றுப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகிறேன்.

வயிற்றால் ஊர்ந்து செல்லும் உயிர்களும் அல்லாஹ்வின் படைப்பே என்பதைத் திருமறை (24:45) நினைவூட்டுகிறது. பூமியில் வாழும் உயிரினங்கள் யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்றும் அது (6:38) உணர்த்துகிறது. நமக்குப் பிடித்த உயிருக்கு ஒரு நீதி, பிடிக்காத உயிருக்கு வேறு நீதி என்று மார்க்கம் பிரிக்கவில்லை.

சட்டமும் மார்க்கமும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி நாகம், சாரை, இந்திய மலைப்பாம்பு முதலிய நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றமாகும். அயல்நாட்டுப் பாம்புகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

மார்க்க அடிப்படையிலும் எச்சரிக்கை தேவை. தீங்கு விளைவிப்பதால் கொல்ல அனுமதிக்கப்பட்ட உயிரினங்களுள் பாம்பும் ஒன்று. அத்தகையவற்றை வளர்ப்பது கூடாதென்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் சிலர் தீர்ப்பளித்துள்ளனர். எனவே, ஆசை கொண்ட பிள்ளைக்கு நாம் கூற வேண்டிய முதல் சொல், ‘வாங்காதே’ என்பதுதான்.

ஆயினும், முன்னரே வாங்கியவர் என்ன செய்வது? ‘அது பாம்புதானே!’ என்று பட்டினி போடவோ, நெருக்கடியான பெட்டியில் வாடவிடவோ அவருக்கு உரிமை உண்டா? இல்லவே இல்லை. பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ஓர் உயிரை அடைத்துவைத்த கணமே அதன் உணவும் உறைவிடமும் நம் பொறுப்பாகிவிடுகின்றன.

ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் இதை இன்னும் விரிவாக விளக்கியுள்ளார்கள். ‘கவாயிதுல் அஹ்காம்’ என்னும் தம் நூலில், மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை அவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். நோயுற்றுப் பயனற்றுப் போனாலும் உணவளிக்க வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது. ஊறு செய்யும் பிற உயிருடன் சேர்த்து அடைக்கக் கூடாது. இவற்றோடு, அவை தங்கும் இடத்தைச் செம்மையாக அமைத்துத் தர வேண்டும் என்பதையும் ஓர் உரிமையாக அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். படுக்குமிடம் விலங்குக்கு நாம் போடும் பிச்சையன்று, அதன் உரிமை! இந்த அளவுகோலைக் கொண்டே பாம்பின் கூண்டையும் பார்ப்போம்.

கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

உலகில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்புகளுள் ஒன்று ‘பால் பைத்தான்’ என்னும் சிறு மலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் மறைத்துக்கொள்வதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் அதன் தாயகம். எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்து, இரவில் வெளிவரும். பொதுவாக 3 முதல் 5 அடி வரை வளரும். நஞ்சில்லாதது.

கூண்டின் நீளம் பாம்பின் நீளத்திற்குக் குறையக் கூடாது. பாம்பு எப்போதும் சுருண்டே கிடக்கும், ஆகவே சிறு பெட்டி போதும் என்று முன்பு பலர் கருதினர். இடம் கிடைத்தால் அது உடலை முழுவதும் நீட்டிக் கிடப்பதுண்டு. 4 அடிப் பாம்புக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள கூண்டு வேண்டும். கதவு வழுக்கிக்கொண்டு திறவாதபடி பூட்டும் அவசியம். சிறிய இடுக்கு கிடைத்தாலும் தலையை நுழைத்து வெளியேறிவிடும் ஆற்றல் அதற்குண்டு. அண்டை வீட்டாருக்கு அச்சமூட்டுவது நமக்கு ஆகுமா?

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. சூடு தேவைப்படும்போது வெப்பமான இடத்துக்கும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்தே அது வாழ்கிறது. ஆகவே கூண்டின் ஒரு கோடி ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸும், மறுகோடி 26 டிகிரியும் இருக்க வேண்டும். சூடு போதாவிட்டால் தின்ற இரை செரியாது, கக்கிவிடும், சளியும் பற்றும். சூடு மிகுந்தாலோ, விலகிச் செல்லத் தெரியாமல் அங்கேயே கிடந்து வயிறு வெந்து புண்ணாகும். வெப்பக் கருவி எதுவாயினும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியுடனேயே இணைக்க வேண்டும். விளக்கைச் சுற்றிக் கம்பிவலையும் தேவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இந்தக் கவலை நேர்மாறாகிவிடும். அடைத்த அறையில் உள்ள கண்ணாடிப் பெட்டி அடுப்பாக மாறிவிடுமாதலால், குளிர்விக்கவே வழி தேட வேண்டியிருக்கும்.

ஒளிந்துகொள்ள மறைவிடம் இரண்டு வேண்டும். ஒன்று வெப்பப் பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். ஒன்றே இருப்பின், ‘சூடா, பாதுகாப்பா’ என்ற இரண்டில் ஒன்றைப் பாம்பு இழக்க நேரும். உடல் முழுதும் நனையத்தக்க அகன்ற நீர்த்தொட்டியும் தேவை. இரு பாம்புகளை ஒரே கூண்டில் அடைக்கலாகாது. இமாம் அவர்கள் குறிப்பிட்ட உரிமைகளுள் இதுவும் ஒன்றன்றோ!

படுக்கை விரிப்பு

கூண்டின் தரையில் எதைப் பரப்புவது என்பதில்தான் பலரும் தவறுகின்றனர். கண்ணுக்கு அழகாக உள்ளதையும் மூக்குக்கு மணமாக உள்ளதையும் வாங்கிவிடுகின்றனர். தேவதாரு மரச்சீவலின் மணம் நமக்கு இனியது. அந்த மணத்தைத் தரும் எண்ணெயே பாம்பின் மூச்சுறுப்பையும் தோலையும் பாதிக்கிறது. பைன் மரச்சீவலும் விலக்கத்தக்கதே. பாலைவனக் காட்சிபோலத் தோன்றுமென்று மணலைக் கொட்டுவோரும் உண்டு. காட்டுப் புற்றில் வாழும் பாம்புக்கு அது பொருந்தாது. இரையுடன் வயிற்றில் சென்று குடலை அடைத்துவிடவும் கூடும்.

பால் பைத்தானுக்குக் காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டியாவது இருப்பது நலம். அது குறைந்தால் தோல் ஒரே உரியாகக் கழலாமல் துண்டு துண்டாகக் கிழியும். கண்மீது பழைய தோல் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஏற்றவை தேங்காய் நார்க்கழிவும் மட்டைத் துண்டுகளுமாகும். நம் பொள்ளாச்சிப் பகுதியில் கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்யப்படும் நார்க்கழிவு அயல்நாட்டுத் தோட்டங்களுக்குச் செல்கிறது. அதே பொருள்தான் அங்குள்ள பாம்புக் கூண்டுகளிலும் பரப்பப்படுகிறது. உரம் கலவாததாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் ஈரத்தைத் தாங்கி நிற்கும்; பாம்பும் நுழைந்து பதுங்கும். ஆனால் சொதசொதவென்று நனைந்து கிடக்கவும் கூடாது. ஓயாத ஈரத்தில் வயிற்றுச் செதில்கள் அழுகும்.

எல்லாப் பாம்புக்கும் ஒரே விரிப்பு பொருந்தாது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் பாம்புக்கு உலர்ந்த ஆஸ்பென் மரச்சீவல் உகந்தது. குடைந்து வழி அமைத்துக்கொண்டு அது உள்ளே வாழும். அதே சீவலை ஈரமான கூண்டில் இட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். புதிதாக வந்த பாம்புக்கும் நோயுற்ற பாம்புக்கும் முதல் சில வாரங்கள் வெறும் செய்தித்தாளே மேலானது. உண்ணியோ கழிச்சலோ இருந்தால் உடனே கண்ணில் படும். கழிவை அன்றன்றே அகற்றுவதும், மாதம் ஒருமுறையேனும் விரிப்பு முழுவதையும் மாற்றிக் கூண்டைக் கழுவி உலர்த்துவதும் கடமை.

வீட்டின் தூய்மை

ஊர்வன பலவற்றின் குடலில் சால்மோனெல்லா என்னும் கிருமி உண்டு. பாம்புக்கு அதனால் கேடில்லை. மனிதருக்கோ கடும் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளும், முதியோரும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் பாம்பையோ அதன் கூண்டையோ தொடலாகாது என்று மருத்துவத் துறையினர் எச்சரிக்கின்றனர். கூண்டைச் சமையலறையில் வைக்கக் கூடாது. அதன் தொட்டிகளைச் சமையல் தொட்டியில் கழுவவும் கூடாது. அதன் கழிவு நஜீஸ் ஆதலால், தொழும் அறையையும் விலக்க வேண்டும். தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவட்டும்.

எத்தனை ஆண்டுகள்?

பாம்பு வாங்குவோர் பெரும்பாலும் கேட்காத கேள்வி இது. நன்கு பேணினால் பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 2020ஆம் ஆண்டு முட்டையிட்ட பெண் பாம்புக்கு 62 வயதுக்கு மேல் இருக்கும் என்று கணித்தனர். கல்லூரி மாணவன் ஒருவன் ஆசைக்கு வாங்கும் பாம்பு, அவன் தன் பிள்ளைக்குத் திருமணம் முடிக்கும் நாளிலும் உயிரோடிருக்கலாம். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது அதை யாரிடம் ஒப்படைப்பான்?

‘காட்டில் விட்டுவிடலாமே’ என்பீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்தது அதுதான். வளர்ப்போர் கைவிட்டவையும் தப்பியவையுமான பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகின. அவை மிகுந்த பகுதிகளில் ரக்கூன் என்னும் விலங்கு கண்ணில் படுவது 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாக 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. ஓர் உயிரை விடுதலை செய்கிறோம் என்றெண்ணி, ஓராயிரம் உயிர்களுக்கு அழிவைத் தேடித் தருவது இரக்கமாகுமா? பராமரிக்க இயலாதவர் வனத்துறையையோ, அந்தந்த நாட்டின் விலங்குக் காப்பகத்தையோ நாடுவதே முறை.

நம் வீட்டுக் கூண்டுகள்

சகோதர, சகோதரிகளே! உங்களில் பெரும்பாலோர் பாம்பு வளர்க்கப் போவதில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டொன்று தொங்கக்கூடும். கொல்லையில் முயல் பெட்டியொன்று இருக்கக்கூடும். சிறுவர் அபூ உமைர் (ரலி) வளர்த்த சிறு பறவை இறந்துபோனபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அக்குழந்தையிடம் அப்பறவையைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். பேணிக் காக்கும் நிபந்தனையோடு பறவை வளர்ப்பது ஆகுமென்பதற்கு அறிஞர்கள் இச்சம்பவத்தைச் சான்றாகக் காட்டுவர். ஆனால் நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது மேற்கூறிய சட்டப்படி குற்றமென்பதை மறவாதீர்கள்.

இன்று மாலையே உங்கள் வீட்டுக் கூண்டின் முன் சற்று நின்று பாருங்கள். சிறகை முழுவதும் விரிக்க அங்கே இடமுண்டா? வெயிலடித்தால் ஒதுங்க நிழலுண்டா? படுக்கும் இடம் உலர்ந்திருக்கிறதா? முயலின் கால் கம்பிவலை மீதே நாள் முழுதும் பதிந்து புண்ணாகிறதா, அல்லது அதற்கு வைக்கோல் பரப்பியிருக்கிறீர்களா? வாய் திறந்து கேட்க அவற்றால் இயலாது. கேட்க இயலாத உயிரின் தேவையைத் தானே அறிந்து நிறைவேற்றுபவரே அமானிதத்தைக் காத்தவர் ஆவார்.

நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரைக் குறித்தும் மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்ற அச்சத்தையும், அவற்றின்பால் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.