அடுத்த கடை விளம்பரம்: பார்க்கலாம், எடுக்கக் கூடாது

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம், அரும்பாவூர் பக்கம் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் காசு கட்டி விளம்பரம் செய்யாத கடை குறைந்துகொண்டே வருகிறது. மரச்சிற்பப் பட்டறை, விதைக்கடை, ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக்கடை என எல்லோரும் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்துகிறார்கள். அதில் தப்பில்லை. தப்பு அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது. நன்றாக ஓடுகிற இன்னொருவர் விளம்பரத்தைத் தேடிப் பிடித்து ஏ.ஐ. செயலியில் போட்டு, 'இதே மாதிரி எனக்கும் செய்து கொடு' என்கிறார்கள். வந்ததை ஒருமுறை படித்துக்கூடப் பார்ப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்ததும், 'நான் எங்கே செய்தேன், ஏ.ஐ.தானே செய்தது?' என்று கேட்கிறார்கள். சட்டத்தில் அந்தப் பதில் செல்லாது. விளம்பரத்துக்குக் காசு கட்டியவர்தான் விளம்பரதாரர்.

படத்தைப் பறிகொடுத்தவர்களும் இதே அவசரத்தில்தான் இருக்கிறார்கள். ஆத்திரத்தில் உடனே 'ரிப்போர்ட்' அடித்துவிடுகிறார்கள். விளம்பரம் மறைந்துவிடுகிறது, அதோடு ஆதாரமும் மறைந்துவிடுகிறது. பிறகு வெறுங்கையோடு காவல் நிலையத்தில் போய் நிற்கிறார்கள்.

அரும்பாவூரில் நடப்பதையே பாருங்கள். பச்சைமலைப் பக்கத்து வாகை, மா, வேம்பு மரங்களில் செதுக்கும் இந்த ஊர்ச் சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேர் பரவியதும் படங்களும் பரவின. பட்டறைக்காரர் ஒருவர் தன் போனில் இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினார். முதல் படம் அவர் செய்த குதிரை வாகனம். பட்டறை வாசலில் எடுத்தது, பின்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. இரண்டாவது படம் வெளியூர் விற்பனையாளர் ஒருவரின் விளம்பரம். குதிரை அதேதான், பின்னணி மட்டும் ஏ.ஐ. போட்ட கோயில் மண்டபம். ஆனால் குதிரையின் தூக்கிய முன்னங்கால்களுக்கு இடையே கொஞ்சம் தார்ப்பாய் நீலம் அழியாமல் அப்படியே இருந்தது. அடியில் 'அசல் அரும்பாவூர் சிற்பம்' என்று வாசகம். அந்த விளம்பரம் எந்தத் தேதியில் ஓடியது, எந்தப் பக்கத்தில் ஓடியது என்று கேட்டேன். அவரிடம் அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை.

பார்ப்பதற்கு நேர்வழி இருக்கிறது

போட்டியாளர் என்ன விளம்பரம் செய்கிறார் என்று பார்ப்பதில் ஒளிவுமறைவே தேவையில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனமே 'ஆட் லைப்ரரி' என்ற பக்கத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கூகுளில் 'மெட்டா ஆட் லைப்ரரி' என்று தேடினால் வரும். கணக்கு இல்லாதவரும் பார்க்கலாம். நாடு என்ற இடத்தில் இந்தியா, வகை என்ற இடத்தில் எல்லா விளம்பரங்களும் என்று தேர்ந்தெடுத்து, கடைப் பெயரையோ 'மரச்சிற்பம்' போன்ற சொல்லையோ அடித்தால் போதும். இப்போது ஓடுகிற விளம்பரம், அது தொடங்கிய தேதி, லைப்ரரி ஐ.டி. எண் எல்லாம் தெரியும். கூகுள், யூடியூப் விளம்பரங்களுக்கு 2023-ல் தொடங்கிய 'ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர்' இருக்கிறது.

எவ்வளவு செலவழித்தார், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பது சாதாரண வியாபார விளம்பரத்துக்கு இங்கே தெரியாது. 'போட்டியாளரின் விற்பனைக் கணக்கையே எடுத்துத் தருகிறேன்' என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. எந்த விளம்பரம் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது? முதல் வரியில் விலையைச் சொல்கிறாரா, அளவைச் சொல்கிறாரா? வாங்குபவரை வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறாரா, கடைக்கு வரச் சொல்கிறாரா? இவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தைத் தொடாதீர்கள்.

பிறகு ஏ.ஐ.யிடம் போங்கள். அடுத்தவர் விளம்பரத்தைக் கொடுக்காமல் உங்கள் சரக்கின் விவரத்தைக் கொடுங்கள்: என்ன மரம், எத்தனை அடி உயரம், எத்தனை நாளில் கிடைக்கும், லாரி வாடகை யார் பொறுப்பு. பத்துத் தலைப்பு கேளுங்கள். அது எழுதும் தமிழ் பெரும்பாலும் மேடைப் பேச்சாக இருக்கும், அதை உங்கள் கடைப் பேச்சுக்கு மாற்றுங்கள். அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, படத்தை மாற்றாமல் தலைப்பை மட்டும் மாற்றி, சமமான தொகையில் ஒரு வாரம் ஓடவிட்டால் எது எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். வேப்பந்தட்டையில் விதை விற்பவர் சென்னைவாசிக்கு விளம்பரம் காட்டிக் காசை விரயம் செய்ய வேண்டாம். அவருக்குச் சுற்றுவட்டாரம் போதும். கோயில் வாகனம் செய்பவருக்குத்தான் வெளியூர் வேண்டும்.

வாடிக்கையாளர்களின் போன் நம்பர் பட்டியலை ஏ.ஐ. செயலியில் போடாதீர்கள். நம்பர் கொடுத்தவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஏ.ஐ. எழுதியதில் எதை வெட்ட வேண்டும்

'தமிழகத்தின் ஒரே', 'முதல்', 'நம்பர் 1' போன்ற சொற்களை ஏ.ஐ. தாராளமாகப் போடும். ஆங்கர் பற்பசை விளம்பரத்தில் வந்த 'ஒரே', 'முதல்' என்ற சொற்களை எதிர்த்து கோல்கேட் தொடுத்த வழக்கில், 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சொற்களுக்குத் தடை விதித்தது. பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. உங்கள் சரக்கை உயர்த்திச் சொல்லலாம், உண்மையான விவரத்தை வைத்து ஒப்பிடலாம். அடுத்தவர் சரக்கு மட்டம் என்று சொல்லக் கூடாது.

நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டப்படி குற்றம். 'முற்றிலும் குணமாகும்' என்று ஏ.ஐ. எழுதினாலும் ஜெயிலுக்குப் போகப்போவது நீங்கள்தான். விதைக்கடைக்காரர்களுக்கும் இதே எச்சரிக்கை: மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் விளைச்சல் 'உத்தரவாதம்' என்ற சொல்லை வெட்டுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

ஏ.ஐ. வரைந்த சிற்பத்தைக் காட்டிவிட்டு வேறொன்றை அனுப்புவதும் இதே கணக்கில்தான் சேரும். விற்கும் பொருளின் படம் நிஜப் படமாக இருக்கட்டும்.

உங்கள் படம் திருடுபோனால்

இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஆதாரம், பிறகு ரிப்போர்ட்.

ஒன்று: ஆட் லைப்ரரியில் அந்த விளம்பரத்தைத் தேடி, லைப்ரரி ஐ.டி., தொடங்கிய தேதி, பக்கத்தின் பெயர், இணைய முகவரி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். இந்தியாவில் வியாபார விளம்பரம் ஓடும்வரைதான் அங்கே தெரியும். நிறுத்திய பிறகு தேடினால் கிடைக்காது.

இரண்டு: உங்கள் அசல் படம் இருக்கும் போனையும் கோப்பையும் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலில் எடுத்த தேதி விவரம் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரம் காட்ட 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் கீழ் சான்றிதழ் தேவை. அதன் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஏ பகுதியை நீங்களும் பி பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

மூன்று: மெட்டாவின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். குறைதீர் அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாகவும் அனுப்புங்கள். பதிப்புரிமை விதிகள், 2013-இன் 75-ஆம் விதிப்படி புகாரில் அடிப்படை இருந்தால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் அவர்கள் மறுபடி ஏற்றலாம். இந்த 21 நாளைப் பலர் கோட்டை விடுகிறார்கள். குறைதீர் அலுவலரின் முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம்.

நான்கு: போலீஸ். 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்கது என்று நிட்ப்ரோ இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் சொல்லிவிட்டது. தீர்ப்பின் நகலைப் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

ஐந்து: வழக்குப் போட எதிரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பதிப்புரிமை வழக்கை உரிமையாளர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கலாம். அரும்பாவூர்க்காரருக்கு அது பெரம்பலூர். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100.

பதிவு செய்தால்தான் படத்துக்குப் பதிப்புரிமை என்று நினைக்காதீர்கள், எடுத்த அன்றே உரிமை உண்டு. போட்டோகிராஃபருக்குக் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படம் உங்களுடையதுதான்.

போலி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டி ஏமாந்தவர் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிவிடும். பொய் விளம்பரம் பற்றி 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். மாவட்ட ஆட்சியருக்கே மனுக் கொடுக்கலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் மனு எந்த மேசையில் உறங்கும் என்று சொல்ல முடியாது.

ஏஜென்சிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்

விளம்பரக் கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் போன் நம்பரிலும் இருக்கட்டும். ஏஜென்சிக்குப் பார்ட்னர் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும், முழு அட்மின் உரிமை வேண்டாம். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதீர்கள். செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். படம், வீடியோ, வாடிக்கையாளர் விவரம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு பக்கத்திலாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குக் கடை நடத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். ஏஜென்சி ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் காகிதம் இல்லாமல் ஆணையம் என்ன செய்யும்?

சிற்பிகளுக்கு ஒரு விண்ணப்பம்

குறியீடு கிடைத்துவிட்டது, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று பலர் இருந்துவிட்டார்கள். 'அரும்பாவூர் சிற்பம்' என்று போலியாக விற்பவர்மேல் வழக்குப் போடும் உரிமை, குறியீட்டின் பதிவுபெற்ற உரிமையாளருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்தவருக்கும்தான் உண்டு. ஊரில் பிறந்தோம், உளி பிடிக்கிறோம் என்பதால் அது தானாக வராது. சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு ஜி.ஐ.-3 படிவம் கொடுக்க வேண்டும். நீங்கள் உற்பத்தியாளர் என்பதற்கான விவரக் கூற்றும், விண்ணப்ப நகலைப் பதிவுபெற்ற உரிமையாளருக்குக் கொடுத்ததற்கான கடிதமும் இணைக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்ததை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் விளம்பரச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாத இந்த வேலைக்கு, மாவட்டத் தொழில் மையம் வேப்பந்தட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரே நாள் முகாம் போட்டால் முடிந்துவிடும். முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், விண்ணப்பத்தைத் தபாலிலேயே அனுப்பலாம். அனுப்பிய ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.