ஒற்றை ஒலியில் பதிந்த பொப் பாட்டை இரண்டாகப் பிரிக்கலாமா?

நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ காலத்துப் பொப் பாட்டுகளை இன்று பெரும்பாலானோர் கேட்பது யூரியூப்பில்தான். அங்கே பழைய பாட்டுகளின் தலைப்போடு ‘ஸ்டீரியோ’, ‘எச்டி ஒலி’, ‘ரீமாஸ்டர்’ போன்ற சொற்கள் தாராளமாக ஒட்டப்படுகின்றன. ஹெட்போனை மாட்டிக் கேட்டால் கிற்றார் இடப்பக்கமும் தாளம் வலப்பக்கமும் நிற்கும். கேட்கப் புதிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைத் தடத்தில் பதிந்த பாட்டு இரண்டாகப் பிரிந்தது எப்படி? பிரித்தவர் எதை வைத்துப் பிரித்தார்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘ரீமிக்ஸ்’ என்றால் பழைய மெட்டுக்குப் புதுத் தாளம் போட்டுத் திரும்பப் பாடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். 2007இல் ‘அழகிய தமிழ்மகன்’ படத்தில் ‘பொன்மகள் வந்தாள்’ வந்த மாதிரி. ‘சுராங்கனி’யும் 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குப் போனது. அது முழுக்கப் புதிய ஒலிப்பதிவு. நான் இங்கே சொல்லும் ரீமிக்ஸ் வேறு. அன்று பாடியவரின் அதே குரல், அதே வாத்தியம், அதே நாள். புதிதாக ஒரு சுரமும் சேர்க்காமல், அவற்றின் அளவையும் நிற்கும் இடத்தையும் மட்டும் மாற்றுவது.

அதற்கு வேண்டியது பல தட ஒலிநாடா. குரல் ஒரு தடத்தில், ட்றம்ஸ் ஒன்றில், கிற்றார் ஒன்றில் என்று தனித்தனியாக இருந்தால் எத்தனை வருடம் கழித்தும் திரும்பக் கலக்கலாம். பீச் போய்ஸ் குழுவின் ‘பெற் சவுண்ட்ஸ்’ 1966இல் மோனோவாகத்தான் வந்தது. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலக் காது கேளாது. முப்பது வருடம் கழித்து மார்க் லினெற் என்ற பொறியியலாளர், வாத்தியங்கள் இருந்த நாடாவையும் குரல்கள் இருந்த நாடாவையும் ஒன்றோடொன்று பொருத்தி உண்மையான ஸ்டீரியோவாகக் கலந்தார். நாடாக்கள் பத்திரமாக இருந்தபடியால் அது முடிந்தது.

எங்கள் பொப் பாட்டுகளின் கதை அப்படியல்ல. அறுபதுகளின் பிற்பகுதியிலும் எழுபதுகளிலும் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் முதலான இளைஞர்கள் கிற்றாரும் பைலாத் தாளமும் வைத்துப் பாடியவை மேடையில் வளர்ந்த பாட்டுகள். அவை ஊருக்குள் பரவியது மத்திய அலை வானொலியாலும், 45 சுற்றுச் சிறு இசைத்தட்டாலும், கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியாலும். வானொலியும் குழாயும் ஒற்றை ஒலிதான். குறைந்த வசதியுள்ள கலையகத்தில் இரண்டொரு மைக்குக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து நின்று வாசிப்பார்கள். நாடாவில் விழும்போதே குரலும் தாளமும் கலந்துவிடும். திரும்பக் கலப்பதற்குத் தனித் தடம் என்று ஒன்று பிறக்கவேயில்லை.

ஒடியல் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். மீன், நண்டு, பலாக்கொட்டை, பயிற்றங்காய் எல்லாம் தனித்தனிச் சட்டியில் இருக்கும்போது எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று தீர்மானிக்கலாம். காய்ச்சி இறக்கிய பிறகு நண்டுக் காலை அகப்பையால் எடுக்கலாம். கரைந்த புளியையும் உப்பையும் எடுக்க முடியாது. மோனோ நாடா இறக்கி வைத்த கூழ்.

இருந்தும் அதைப் பிரித்துக் காட்டும் ஆசை பழையது. அறுபதுகளில் அமெரிக்காவில் ஸ்டீரியோ இசைத்தட்டுக்குக் கிராக்கி வந்ததும், கப்பிற்றல் போன்ற நிறுவனங்கள் தங்கள் மோனோப் பாட்டுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்றன. வழி சுலபம். ஒரு பக்கத்துக்குக் கூர்மையான ஒலிகள், மறுபக்கத்துக்குக் கனத்த ஒலிகள். அல்லது ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாமதமாக விடுவது. காது ஏமாறும், அறை பெரிதானது போல இருக்கும். இன்றைக்கும் கைத்தொலைபேசிச் செயலிகள் சில செய்வது இதைத்தான்.

ஆபத்து அந்தத் தாமதத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையில் ஒரு மில்லி செக்கன் வித்தியாசம் வைத்தால், இரண்டும் திரும்ப ஒன்று சேரும்போது 500, 1500, 2500 ஹேர்ட்ஸ் என்று ஒன்று விட்டு ஒன்றாக ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மனிதக் குரலின் உயிர் இருப்பது அந்தப் பகுதியில்தான். ஹெட்போனில் அகலமாகக் கேட்ட பாட்டு, ஒரே ஸ்பீக்கர் உள்ள தொலைபேசியிலோ திருவிழாக் குழாயிலோ தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போலாகிவிடும். எங்கள் ஊரில் பாட்டு அதிகம் ஒலிக்கும் இடங்கள் இவைதானே.

கடந்த சில வருடங்களில் வந்திருப்பது வேறு விதமான வித்தை. 2021இல் வெளியான பீட்டில்ஸ் ஆவணப்படம் ‘கெற் பாக்’குக்காக, பீற்றர் ஜாக்சனின் குழு மோனோ நாடாவில் கிற்றாருக்குள் புதைந்து கிடந்த பேச்சைத் தனியாகப் பிரிக்கும் மென்பொருளை உருவாக்கியது. அதே வழியில் 1966ஆம் ஆண்டின் ‘றிவோல்வர்’ இசைத்தட்டு 2022இல் புதிதாகக் கலக்கப்பட்டது. 2023இல் ஜோன் லெனன் வீட்டில் பியானோவோடு பாடிப் பதிந்த ஒரு கசெற்றில் இருந்து குரல் மட்டும் பிரிக்கப்பட்டு ‘நவ் அண்ட் தென்’ வந்தது.

மென்பொருள் எப்படிப் பிரிக்கிறது? பாட்டை மிகச் சிறிய நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு பலம் என்று ஒரு படமாக வரைகிறது. படத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் குரலின் பங்கு எவ்வளவு, தாளத்தின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடுகிறது. முன்னர் ஆயிரக்கணக்கான உதாரணங்களில் பழகிய பழக்கத்தால்தான் இந்த மதிப்பீடு. இரண்டு ஒலிகள் ஒரே கட்டத்தில் விழுந்தால் உண்மை விடை என்று ஒன்று அங்கே இல்லை. ஊகம் மட்டுமே. நண்டுக் கால் வெளியே வரும். புளிக்கு அது ஒரு கணக்குப் போடும்.

என்னதான் கற்றது என்பதும் முக்கியம். ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்தும் பொதுப் பயிற்சித் தொகுப்பு ஒன்றில் இருப்பவை 150 பாட்டுகள், ஏறத்தாழ பத்து மணித்தியாலம். குரல், ட்றம்ஸ், பேஸ், ‘மற்றவை’ என்று நான்கு பெட்டி. பெரும்பாலும் மேற்கத்தைய பொப்பும் றொக்கும். பொங்கோ, டோல்கி, மண்டலின், அக்கோர்டியன் எல்லாம் அதற்குப் புதியவர்கள். டோல்கியின் ‘தும்’ பேஸ் பெட்டிக்கும் ‘டக்’ ட்றம்ஸ் பெட்டிக்கும் போகும். நீட்டிப் பிடித்த அக்கோர்டியன் சுரம் பாடகரின் குரலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அவற்றை இடமும் வலமுமாக வைத்தால் ஒரே டோல்கியை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையில் இருந்து வாசிப்பது போலக் கேட்கும்.

இதற்கு வேலைத்தலத்தில் ஒரு தந்திரம் உண்டு. பிரித்த பகுதிகளை அதே அளவில் திரும்பச் சேர்த்தால் தவறுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று மூடிவிடும். எவ்வளவு தூரம் பிரித்து வைக்கிறோமோ அவ்வளவுக்கு அவை வெளியே தெரியும். தண்ணீருக்குள் இருந்து பாடுவது போன்ற அந்தக் குளறல் அங்கேதான் வருகிறது. ஆகவே குரலை நடுவில் விட்டு, மற்றவற்றைச் சற்றே விலக்கி வைப்பதோடு நிறுத்துவதே நல்லது. லெனனின் குரல் சுத்தமாக ஒலித்ததற்கு ஒரு காரணம், அதைச் சுற்றிப் புதிய வாத்தியங்கள் வந்து மூடியது. எங்கள் பாட்டில் மூடப் புதிதாக ஒன்றும் இல்லை.

எல்லாப் பாட்டையும் தெளிவாக்கத்தான் வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு ‘லூயி லூயி’யைப் பதிந்தது. செலவு ஐம்பது டொலர் அளவு. மேலே தொங்கிய மைக்கை நோக்கி ஜாக் ஈலி அண்ணாந்து கத்தினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆபாசம் என்று புகார் போய், எஃப்பிஐ விசாரித்து, எந்த வேகத்தில் ஓட்டினாலும் விளங்கவில்லை என்று கைவிட்டது. அந்தக் குழைசல்தான் அந்தப் பாட்டு. கைதட்டும் கூச்சலும் கிற்றாரும் ஒன்றாக மோதும் எங்கள் பொப்பும் அந்த வகைதான் என்பது என் எண்ணம். பிரித்து அடுக்கினால் மேடை போய்விடும்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஸ்டீரியோ அல்ல, அதற்குக் கொடுக்கும் மூலம். பதிவேற்றம் ஒன்றைத் தரவிறக்கி, அந்தச் சுருக்கிய எம்பி3இல் இருந்து பிரிக்கிறார்கள். அது பெரும்பாலும் கசெற்றின் பிரதி. அந்தக் கசெற் ரெக்கோடிங் பாரில் இன்னொரு கசெற்றில் இருந்து எடுத்த பிரதி. நல்ல மூலங்கள் எங்களிடம் குறைவு. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்ட ஊர் இது. மிதிக்கிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் சட்டி பானையைத் தூக்கியவர்கள் இசைத்தட்டைத் தூக்கவில்லை. அதையும் தாண்டி அலுமாரியில் ஒன்றிரண்டு தப்பியிருந்தால், உலகத்தில் அந்தப் பாட்டின் மிக நல்ல பிரதி அதுவாகவே இருக்கக்கூடும்.

அதை எடுக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மோனோ இசைத்தட்டின் பள்ளம் பக்கவாட்டில் மட்டுமே அசையும். இன்றைய ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமான அசைவையும் வாசிக்கும். மோனோத் தட்டில் அந்த அசைவு முழுக்க தூசியும் கீறலும்தான். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்றாக்கினால் அந்த இரைச்சலில் பெரும்பங்கு தானாகவே அழிந்துவிடும். சேர்க்காமல் விட்டால் கீறல் சத்தம் இடமும் வலமும் துள்ளும். அதையே ‘ஸ்டீரியோ’ என்று மகிழ்பவர்களும் உண்டு. கசெற்றென்றால் முதலில் ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யவேண்டும், இல்லாவிட்டால் சேர்க்கும்போது மேல் ஒலிகள் மங்கும். நாடாவில் வினாகிரி மணம் வந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சும்மா போட்டுப் பார்க்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். கணினியில் ஏற்றும்போது 96 கிலோ ஹேர்ட்ஸ், 24 பிற் என்ற அளவைத்தான் ஒலி ஆவணக் காப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்தக் கோப்பில் கை வைக்கக்கூடாது. பிரிப்பது, கூட்டுவது எல்லாம் அதன் பிரதியில்.

உரிமையும் பார்க்கவேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான பாதுகாப்பு 50 வருடம். பாட்டையும் மெட்டையும் ஆக்கியவருக்கோ ஆயுளும் அதன்பின் 70 வருடமும். தமிழகம் ‘சிலோன் மனோகர்’ என்று அழைத்த மனோகரன் 2018 ஜனவரியில்தான் சென்னையில் காலமானார். இசைத்தட்டின் காலம் முடிந்தாலும் பாட்டின் காலம் நீண்டு கிடக்கிறது. பதிவேற்றுகிறவர் பாடியவர், எழுதியவர் பெயரோடு, எந்தத் தட்டில் இருந்து எடுத்தது, எந்த மென்பொருளால் பிரித்தது, மோனோ மூலம் எங்கே கேட்கலாம் என்ற மூன்றையும் கீழே எழுதினால் அடுத்து வருபவர் அதற்குப் பின்னால் போய்த் தேடலாம்.