ஒரு விடைத்தாளின் அளவில் நிற்கும் கார்

கார் ஒன்று வாங்குவது பற்றிப் பேச்செடுத்தால் எமது வீடுகளில் முதலில் அலசப்படுவது அதன் மொடல், நிறம், இயந்திரத்தின் வலு, எரிபொருள் செலவு ஆகியவைதான். வாப்பாமார் மீற்றரைப் பார்ப்பார்கள். நானாமார் பளபளக்கும் றிம்மைப் பார்ப்பார்கள். டயரைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஆனால் வீதியைத் தொட்டுக்கொண்டிருப்பது டயர் மட்டுமே. பிரேக் சில்லைத்தான் நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர்.

எவ்வளவு இறப்பர் வீதியைத் தொடுகிறது என்பதை உயர்தர பௌதிகவியல் பாடத்தைக் கொண்டே கணிக்கலாம். அமுக்கம் என்பது விசையைப் பரப்பளவால் வகுக்க வருவது. 1500 கிலோகிராம் திணிவுள்ள ஒரு சொகுசுக் காரை எடுத்துக்கொள்வோம். ஒரு சில்லின் மீது 375 கிலோகிராம், அதாவது சுமார் 3700 நியூட்டன் நிறை இறங்குகிறது. டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் காற்று, அதாவது ஏறத்தாழ 220 கிலோபஸ்கால் அமுக்கம் இருக்கிறது. வகுத்தால் ஒரு டயர் வீதியைத் தொடும் பரப்பு சுமார் 168 சதுர சென்ரிமீற்றர். நான்கு டயர்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 670. நாம் பரீட்சை எழுதும் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர சென்ரிமீற்றர்! பல இலட்சம் பெறுமதியான காரும் அதனுள் இருக்கும் குடும்பமும் ஏறத்தாழ ஒரு விடைத்தாளின் அளவில்தான் நிற்கின்றன.

கண்டியில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. மஹய்யாவவில் பிரதான வீதியை விட்டுத் திரும்பினால் ஏற்றமும் இறக்கமும்தான். கொழும்புக்குப் போனால் கடுகண்ணாவை இறக்கம். மஹியங்கனைக்குப் போனால் ‘18 வளைவு’ என அழைக்கப்படும் வீதி. ஒக்டோபர், நவம்பர் மாத மழையில் இந்த வீதிகள் ஆறாக ஓடும். வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். அந்தச் சக்தி முழுவதையும் வளைவுக்கு முன்னர் அடக்க வேண்டியது அந்த ஒரு தாளளவு இறப்பர்தான்.

டயரின் எழுத்துகளை வாசித்தல்

டயரின் பக்கச் சுவரில் 205/55 ஆர்16 91வீ என்பது போன்ற குறியீடு இருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. ஆர் என்பது ரேடியல் வகை. 16 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்பது ஒரு டயர் 615 கிலோகிராம் சுமக்கும் என்பதற்கான சுட்டெண். வீ என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும் என்பதற்கான எழுத்து. அந்த வேகத்தில் நாம் போகப்போவதில்லை. ஆயினும் வேகமான கார்களுக்குத் தயாரிப்பாளர் குறித்த சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே இறங்கி மலிவான டயர் போடக்கூடாது. வெப்பத்தையும் சுமையையும் தாங்கும் திறனை அவைதான் சொல்கின்றன.

பெரிய றிம் நல்லதா?

விளையாட்டுத் தோற்றம் கொண்ட சொகுசுக் கார்களில் 17, 18 அங்குல றிம்களைக் காண்கிறோம். 205/55 ஆர்16 டயரின் பக்கச் சுவர் சுமார் 113 மில்லிமீற்றர் உயரம். 225/40 ஆர்18 டயரில் அது 90 மில்லிமீற்றர்தான். சுவர் குட்டையானால் வளைவில் கார் உறுதியாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால் மழைநீர் மூடிய பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள இறப்பர் போதாது. றிம் நெளியும், டயரின் பக்கம் வீங்கும். வீங்கிய டயரின் உள்நூல்கள் அறுந்துவிட்டன என்று பொருள். அதில் ஒரு நாளும் ஓடக்கூடாது.

அகலமான டயர் அதிகமாக வீதியைப் பிடிக்கும் என்பது பலரின் எண்ணம். காற்றமுக்கம் மாறாவிட்டால் மேலே பார்த்த சமன்பாட்டின்படி தொடும் பரப்பும் பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். அகன்று குறுகிய அந்த வடிவம் தேங்கிய நீரில் மிதந்து வழுக்கும் வாய்ப்பும் கூடுதல். எனவே கதவுத் தூணில் ஒட்டியுள்ள பட்டியலில் சிறிய றிம் அளவும் தரப்பட்டிருந்தால் நமது வீதிகளுக்கு அதுவே சிக்கனமும் பாதுகாப்புமாகும்.

பீ.எம்.டபிள்யூ. 3 தொடர் போன்ற கார்கள் பலவற்றில் ஸ்பெயார் வீல் இருப்பதில்லை. காற்றுப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேற்படாமல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தூரம் ஓடக்கூடிய ‘ரன்ஃபிளட்’ டயர்கள் அவற்றில் பூட்டப்பட்டிருக்கும். செலவைக் குறைக்கச் சாதாரண டயர் போடுபவர்கள் இடைவழியில் பஞ்சரானால் என்ன செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும்.

டயரின் பிறந்த திகதி

டீ.ஓ.டீ. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் குறியீட்டின் இறுதி நான்கு இலக்கங்கள் டயர் பிறந்த காலத்தைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெளிப்பக்கத்தில் இல்லாவிட்டால் உட்பக்கத்தில் இருக்கும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் பழைய கார்களே கைமாறின. அதிகம் ஓடாத காரின் டயரில் பூ ஆழமாகத் தெரியும். ஆனால் ஒட்சிசனும் வெயிலும் பட்டு இறப்பர் கடினமாகி வெடித்திருக்கும். ஐந்து வருடம் கடந்த டயரை வருடந்தோறும் பரிசோதிக்க வேண்டும். பூ எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது. பாவித்த டயரை மலிவாக வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்த நான்கு இலக்கங்களையே.

மாதம் ஒருமுறை பத்து நிமிடம்

டயர் மாதத்துக்குச் சுமார் ஓர் இறாத்தல் அமுக்கத்தைத் தானாகவே இழக்கும். ஆகவே மாதம் ஒருமுறை, ஓடிச் சூடாவதற்கு முன்னர், கதவுத் தூணில் உள்ள அளவுக்குக் காற்றடிக்க வேண்டும். டயரில் பொறித்திருப்பது உச்ச எல்லை. நிரப்ப வேண்டிய அளவு அதுவன்று.

பூ தேய்ந்திருக்கும் விதமும் ஒரு மொழி. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்றுக் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சில்லுகளின் நேர் தவறியிருக்கிறது. பள்ளங்களுக்குள் இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றர் எல்லையைக் காட்டும். ஆனால் ஈரவீதியில் அதற்கு முன்னரே, 3 மில்லிமீற்றர் அளவிலேயே, பிடி குறையத் தொடங்கிவிடும். இரண்டு டயர் மட்டும் வாங்க முடிந்தால் புதியவற்றைப் பின்னால் பூட்டுவதே நல்லது. பின்சில்லு வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதைத் திருத்துவது கடினம்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது அந்த ஈரம் கொதித்தால் மிதி ‘பஞ்சு’ போலாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவதும், இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்குவதும் மலைநாட்டுச் சாரதிக்கு அவசியம்.

பிரயாண துஆ ஓதிவிட்டுத்தான் நாம் வாகனத்தில் புறப்படுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கக் கற்றுத்தந்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். காற்றைப் பார்ப்பதும் பூவைப் பார்ப்பதும் இன்றைய கயிறு. இதற்குச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கொஞ்சம் குனிந்து பார்க்க மனமிருந்தால் போதும். சொகுசுக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாளை காலை உங்களை ஏற்றிச்செல்ல வரும் பாடசாலை வேனின் டயரிலும் அந்த நான்கு இலக்கங்கள் இருக்கின்றன. ஏறுவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.