எடுத்து வைக்க வேண்டாத ஒரு மூலை



உங்கள் இல்லத்தில் படம் வரைபவர், துணியில் பூவேலை செய்பவர், அரபு எழுத்தணி பழகுபவர் என்று எவரேனும் இருக்கின்றாரா? இருந்தால், அவருடைய வண்ணங்களும் தூரிகைகளும் இந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று எழுந்து சென்று பாருங்கள். அலமாரியின் உச்சியில் ஒரு பைக்குள் இருக்கும். அல்லது கட்டிலுக்கு அடியில், காலணி வாங்கிய அட்டைப் பெட்டியில் முடங்கிக் கிடக்கும்.

கடற்கரை ஊர் ஒன்றில் எனக்கு மிகவும் நெருங்கிய குடும்பம் ஒன்று உண்டு. அவ்வீட்டின் மூத்த மகள் எழுத்தணிக் கலையில் நல்ல தேர்ச்சி பெற்றவள். சாப்பாட்டு மேசையில்தான் எழுதுவாள். லுஹர் தொழுகையும் மதிய உணவும் முடிந்து, மேசையைத் துடைத்து, தாளை விரித்து, மையைக் கலக்கி அமர்வதற்கே அரைமணி நேரம் ஆகிவிடும். அஸருக்கு முன்னர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாக வேண்டும். ஒருநாள் முன்னறிவிப்பின்றி உறவினர் வந்துவிட்டனர். மை காயாத தாளை அவள் அவசரமாகச் சுருட்டினாள். இரவில் விரித்துப் பார்த்தபோது எழுத்தின் மேல் எழுத்து ஒட்டிக் கிடந்தது. மூன்று வார உழைப்பு அது. அதன் பிறகு ஆறு மாதம் அவள் பேனாவைத் தொடவில்லை.

எழுதாதே என்று அவளை எவரும் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வாப்பாவுக்கு அவளைப் பற்றிப் பெருமைதான். வந்தவர்களிடமெல்லாம் அவள் எழுதியதைக் காட்டுவார். ஆனால் அவளுக்கென்று ஓர் இடம் மட்டும் வீட்டில் இல்லை.

கலைக்கூடம் என்றவுடன் தனியறை, பெரிய சன்னல், விலையுயர்ந்த மேசை என்றெல்லாம் எண்ணி, நமக்கு இது கட்டுப்படியாகாது என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். தனியறை தேவையே இல்லை. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட ஓரிடம் போதும். ஆனால் அந்த இடத்தில் பாதியில் நிறுத்திய வேலை மறுநாள் வரை அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உதுமானியத் துருக்கியின் எழுத்தணிக் கலைஞர்கள் மேசையின்றியே எழுதினர். ஒரு முழங்காலை உயர்த்தி அமர்ந்து, அதன்மீது மெத்தென்ற அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதுவது அவர்கள் வழக்கம். நாணல் பேனாக்களை வைக்கும் நீண்ட குழலும், அதனோடு இணைந்த மைக்கூடும் சேர்ந்த ‘திவித்’ என்னும் கருவியை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு செல்வர். ஏறத்தாழ அதுவே அவர்களின் கலைக்கூடம். அந்த நகரத்துப் பெண்களும் இக்கலையில் பின்தங்கி இருக்கவில்லை. 1780-இல் பிறந்த எஸ்மா இப்ரத் ஹானிம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோற்றத்தையும் பண்பையும் சொற்களால் வரையும் ‘ஹில்யா’ ஏட்டை எழுதிப் பெயர் பெற்றவர்.

அவர்களின் மைக்கூட்டிலிருந்து நாம் ஒரு பாடம் கற்கலாம். அதனுள் ‘லீகா’ எனப்படும் கச்சாப் பட்டு இழைகளை இட்டு, மையை அதில் ஊறவைப்பார்கள். பேனா அதைத் தொடும்போது வேண்டிய அளவு மையை மட்டுமே எடுக்கும், முனையும் கெடாது. கூடு சாய்ந்தாலும் மை கொட்டாது. தவழும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறு என்ன இருக்கிறது? பட்டு நூலைச் சோப்பு நீரில் அலசி உலர்த்தி, சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

இனி, இடத்தை எங்கே தேர்வது? வெளிச்சத்தைப் பார்த்துத் தேருங்கள். ஓவியருக்கு வடக்குச் சன்னலே சிறந்தது, அதன் வழியே நேர் வெயில் வராது என்று ஐரோப்பிய நூல்கள் எழுதுகின்றன. அவர்கள் நாட்டுக்கு அது சரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் மீண்டும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடபுறம் சாய்ந்தே செல்லும். காயல்பட்டினம் போன்ற தென்கோடி ஊர்களில் இந்தக் காலம் இன்னும் நீளமானது. ஆகவே கோடையில் நம் வடக்குச் சன்னலிலும் வெயில் நுழையும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பால்போலப் பரவும். மற்ற மாதங்களில் திரையை விலக்கிவிடலாம். வடக்குச் சன்னல் இல்லையா? கிழக்குச் சன்னல் இருந்தால் பிற்பகலில் வேலை செய்யுங்கள், மேற்கு என்றால் காலையில். வலக்கையால் எழுதுபவருக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இல்லையேல் கையின் நிழல் எழுத்தின் மேலேயே விழும்.

மஃரிபுக்குப் பிறகு வேலை செய்பவர்கள் விளக்கு வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் வாட் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் அட்டைப் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது 90-க்கு மேல் இருப்பது நல்லது. மஞ்சள் விளக்கின் கீழ் வெளிர் மஞ்சளைத் தீட்டிவிட்டு, காலையில் பார்த்து வருந்தியவர்களில் நானும் ஒருத்தி.

மின்விசிறிக்கும் ஓவியருக்கும் என்றுமே ஒத்துப்போவதில்லை. தாள் பறக்கும், நீர்வண்ணம் கலக்கும் முன்னே காய்ந்துவிடும். விசிறிக்கு நேர் கீழே அமராமல், அறையின் ஓரத்தில் அமருங்கள்.

மேசை வேண்டுமென்பதில்லை என்றேன். பழைய கடைகளில் கணக்கர் தரையில் அமர்ந்து எழுதிய சாய்வு மேசை பரண்மேல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வணிகக் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒன்று கிடக்கும். கிடைக்காவிட்டால் ஓர் ஒட்டுப்பலகையின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்தால் போதுமான சாய்வு கிடைத்துவிடும்.

முடித்த தாள்களைச் சுருட்டாதீர்கள். இரு பலகைகளுக்கு இடையே தட்டையாக வையுங்கள். மழை மாதங்களில் வெளிச்சுவரின் ஈரம் தாளில் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். சுவருக்கும் தாளுக்கும் ஒரு சாண் இடைவெளி தேவை. பூச்சிக்கு அஞ்சி நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளோடு வசம்பு வைத்தனர். அதைத் துணியில் முடிந்து நாமும் வைக்கலாம்.

எழுத்தணி பழகுவோருக்கு இன்னொரு கவலையும் உண்டு. இறைவசனம் எழுதிய தாள் பிழையாகிவிட்டால் அதைக் குப்பையில் போட மனம் வராது, போடவும் கூடாது. அவற்றுக்கென மூடியுள்ள ஒரு பெட்டியை உயரமான இடத்தில் வைத்து, நிறைந்ததும் கால்படாத இடத்தில் புதைத்துவிடலாம். கைப்பழக்கத்திற்குத் தனி எழுத்துகளை எழுதிப் பழகினால் இந்தச் சங்கடமே பெரும்பாலும் எழாது. பழைய ஆசான்களும் மாணவர்களுக்கு முதலில் தனி எழுத்தையும் இணை எழுத்தையுமே பயிற்றுவித்தனர்.

எண்ணெய் வண்ணம் தீட்டுவோரிடம் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டு வைக்காதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது தானே வெப்பத்தை உண்டாக்கும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, நெருப்பில்லாமலே துணி தீப்பற்றிக்கொள்ளும். துணியை வெளியே தனித்தனியாக விரித்து, நன்றாக விறைத்துக் காய்ந்த பின்னரே அப்புறப்படுத்துங்கள். டர்பன்டைன் நெடி கைக்குழந்தை உறங்கும் அறைக்கு ஆகாது. தூரிகை அலசும் குவளையையும் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்; சில வண்ணங்களில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்கும்.

அந்தக் கடற்கரை ஊர் மகளுக்கு வருகிறேன். அவளுக்கு இடம் கண்டுபிடித்தவர் அவளுடைய உம்மாதான். மாடிப்படியின் திருப்பத்தில், சன்னல் ஓரமாகத் தையல் இயந்திரம் ஒன்று நெடுநாளாகப் பழுதாகிக் கிடந்தது. அதை வாங்கியபோது தம் நகை ஒன்றை விற்றதாக அவர் ஒருமுறை என்னிடம் கூறியிருக்கிறார். அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பலகையைப் பொருத்திக் கொடுத்தார். முதல் சில நாட்கள் மகள் பழக்கத்தால் எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் அள்ளி எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாளாம். உம்மா மறுபடி எடுத்து வந்து வைப்பாராம்.

சென்ற முறை நான் போயிருந்தபோது பாதி எழுதிய தாள் பலகையின்மேல் இருந்தது. கீழே யாரோ ஸலாம் சொல்லும் குரல் கேட்டது. மகள் எழப் போனாள். உம்மா அவள் தோளை அழுத்தி அமர்த்தினார்; ஒரு வெள்ளைத் துணியை மைக்கூட்டின்மேல் போட்டார்; தேநீர் போடக் கீழே இறங்கிப் போனார்.